நாற்பத்தெட்டு, கழித்தல் குறியோடு

காஸ்பே கடற்கரையில் பனிமழை, இரண்டாம் இரவு.
கம்பிகளின் மேல் கண்ணாடி தடிக்கிறது.
மின்சாரம் நேற்று மாலையே போய்விட்டது.
டீசல் எஞ்சின் இருமுறை இருமியது,
மூன்றாம் முறை இருமவும் மறுத்துவிட்டது.

தொலைபேசி நிலையத்தின் நிலவறையில்
ஓவிலா சீர்
மூக்கில் அமில நெடியோடு
இருபத்துநாலு கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே நடக்கிறான்,
இருட்டில் மாடுகளைத் தடவி எண்ணுகிறவன்போல.

தொட்டிக்கு இரண்டு வோல்ட்.
கெஞ்சினாலும் கொஞ்சினாலும்
ஈயம் அதற்குமேல் பெரிதாகத் தராது.
இருபத்துநாலு இரண்டு நாற்பத்தெட்டு.
எங்கள் கணக்கில் ஒரு மண்டலம்.
அவனிடம் சொன்னால் சிரித்திருப்பான்.

ஏன் நூறாக வைக்கவில்லை என்று
மொன்றியாலிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருமுறை கேட்டார்.
'ரொசேர் செத்திருப்பான்' என்றான் ஓவிலா.

ரொசேர் லைன்மேன்.
நனைந்த கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
வெறும் விரலால் கம்பி முறுக்குகிறவன்.
நாற்பத்தெட்டு அவனைக் கிள்ளும், அநேகமாக அவ்வளவுதான்.
மணியடிக்கும்போது மட்டும் வேறு கதை:
தொண்ணூறு வோல்ட், நொடிக்கு இருபது உதறல்.
ஒருநாள் அவன் கம்பத்தின் உச்சியில் இருக்கையில்
பூசை எத்தனை மணிக்கு என்று கேட்க
யாரோ பாதிரியாரை அழைத்தார்கள்.
பீடத்தின் மேலுள்ள அத்தனை பாத்திரங்களின் பெயரையும்
ரொசேர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.
அந்த ஊரில் கெட்ட வார்த்தைகள் கோயிலிலிருந்துதான் வருகின்றன.

சரி, பன்னிரண்டு போதாதா?

போதாது. ஸெனாயிட் இருக்கிறாள்.
பதினோரு மைலுக்கு அப்பால், கடைசிக் கம்பத்தையும் தாண்டி.
மைலுக்கு மைல் கம்பி தன் சுங்கத்தை எடுத்துக்கொள்ளும்.
மீந்தது அவள் வாயருகே உள்ள கரித்தூளை
அசைக்கிற அளவாவது இருக்க வேண்டும்.
பன்னிரண்டு வோல்ட் பாதி வழியில் உட்கார்ந்துவிடும்.

ஆக,
ஒருவனின் விரலுக்கும் ஒருத்தியின் தூரத்துக்கும் நடுவே
பேரம் பேசி முடித்த எண் இது.
ஆங்கிலேயன் ஐம்பதில் முடித்தான், ஜெர்மானியன் அறுபதில்.
விரல் எங்கும் ஒன்றுதான்.

கழித்தல் குறி ஏன் என்றால், ஈரம்.
நேர்மின் ஏறிய செம்பு நனைந்த மண்ணில்
பச்சையாய்க் கசிந்து கரைந்துபோகும்.
அதனால் நேர்முனையை மண்ணோடு கட்டிவிட்டு
கம்பியைப் பூமிக்குக் கீழே இறக்கினார்கள்,
ஆழத்தில் அல்ல, எண்ணில்.
இங்கே தரைதான் மேடு.
பேச்சு முழுவதும் பள்ளத்தில் நடக்கிறது.

நள்ளிரவு தாண்டி முள் நாற்பத்தாறு.
நாற்பத்துமூன்றில் ரிலேக்கள் பிடி தளரும்.
சுவரில் பட்டியல்: மருத்துவர், தீயணைப்பு, மருத்துவமனை, பாதிரியார்.
மற்ற இணைப்புகளை ஓவிலா வரிசையாக வெட்டினான்,
தன் வீட்டையும் சேர்த்து.
ஸெனாயிட்டின் சாவிக்கு வந்ததும் கை நின்றது.

இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.
முதலில் அறுந்துபோகிற குரல் அவளுடையது.
அவள் கேட்கிறவரை
பட்டியலில் உள்ள எல்லாரும் கேட்பார்கள்.

மூன்று மணிக்கு
மேலேயிருந்து ஆபரேட்டர் ஜில்பெர்த் படிக்கட்டில் கத்தினாள்:
'ஸெனாயிட்! ரிமூஸ்கிக்குப் பேசவே இல்லையாம்,
அறுபது சென்ட் ஏன் போட்டோம் என்கிறாள்!'

'குரல் எப்படி?'

'கிணற்றுக்குள்ளிருந்து.
கோபம் மட்டும் பக்கத்து அறையில்.'

'பேசவிடு. கொஞ்சம் மறுத்துப் பேசு.'

பேனா மை உறைந்திருந்தது.
பென்சிலால் பதிவேட்டில் எழுதினான்:
3.10. நாற்பத்துநாலரை.
கடைசி வீடு திட்டுகிறது.